ஒரே ஆள், தனி ஆள்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய மொழிகளின் இலக்கணம் நடத்துகிறவள். அந்த மொழிகளில் பெயருக்கு முன்னால் எது நிற்கும், பின்னால் எது நிற்கும், ஒரு வினையடையை இடம் மாற்றி வைத்தால் வாக்கியத்தின் பொருள் எப்படிப் புரண்டு படுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளிநாட்டுக் கப்பல் வந்து, மாலுமிகள் பேசுவது யாருக்கும் புரியாமல் போனால், துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவளுக்குப் போன் வரும். போய் மொழிபெயர்த்துக் கொடுப்பாள்.

அவளுடைய தம்பி அதே துறைமுகத்தின் மீட்புப் படையில் இருந்தான். தீப்பிடித்தாலோ, ஆள் தண்ணீரில் விழுந்தாலோ, கப்பலின் அடியில் யாராவது மாட்டிக்கொண்டாலோ முதலில் ஓடுகிறவர்கள் அவர்கள். அக்காவின் ஆராய்ச்சி அவனுக்கு எப்போதும் வேடிக்கைதான்.

"பெயரடை முன்னாடி வந்தா என்ன, பின்னாடி வந்தா என்னக்கா? பஸ் வந்தா போதும்" என்பான்.

"டேய், 'அவன் மட்டும் தண்ணி குடிச்சான்'கிறதும் 'அவன் தண்ணி மட்டும் குடிச்சான்'கிறதும் ஒண்ணா? 'மட்டும்' இடம் மாறினா விஷயமே மாறிடுது பாரு."

"ரெண்டுலயும் தண்ணிதானே குடிக்கிறான்? விடு, பாவம், குடிச்சுட்டுப் போகட்டும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றதோ" என்பாள். அவர்கள் வீட்டில் மூன்று பேர்தான்.

அன்று காலை வேறொரு கப்பலின் சுங்கச் சோதனைக்காக டீச்சர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்திருந்தாள். வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் மேஜைமேல் இருந்த கப்பல் ரேடியோ கரகரத்தது. முதலில் கேட்டது இருமல். தொண்டையைக் கிழிக்கிற இருமல். அதற்குப் பிறகு ஒரு ஆண்குரல்:

"அயூதா! அயூதா!"

ரேடியோக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பணி ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். அந்த அறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

"என்ன டீச்சர், ஆயுதம்ங்கறான்? கப்பல்ல துப்பாக்கி கிப்பாக்கி இருக்கா?"

"இல்ல சார். ஸ்பானிஷ்ல உதவின்னு அர்த்தம்." அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ரேடியோவைக் கையில் எடுத்தாள். "யார் பேசுறீங்க? என்ன ஆச்சு?" என்று ஸ்பானிஷில் கேட்டாள்.

கப்பலின் சமையல்காரர் பேசினார். ஸ்பானிஷ் அவருடைய தாய்மொழி இல்லை என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. கப்பல் கப்பலாக மாறிப் பிழைத்தவர்கள் அங்கங்கே பொறுக்கிச் சேர்க்கிற ஸ்பானிஷ். துறைமுகத்தின் கடைசி மேடையில் கட்டி நிறுத்தியிருந்த சின்னக் கப்பல் அது, வெட்டிய மரத்தடிகளை ஏற்றிவந்தது. முன்பக்கச் சரக்கு அறையில் ஆள் விழுந்துகிடக்கிறான், அசையவில்லை என்றார். பாதிப்பேர் காலையிலேயே ஊருக்குள் போய்விட்டார்கள், யார் போனார்கள் யார் இருக்கிறார்கள் என்று தனக்கே தெரியவில்லை என்றார்.

"கேப்டன் எங்கே?" என்று கேட்டாள்.

பதில் வந்தது. ஆனால் இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிட்டது. இரைச்சல் அடங்கியபோது அவர் அழுதுகொண்டே வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ரேடியோக்காரர் அதற்குள் மீட்புப் படையை அனுப்பியிருந்தார். மரத்தடி ஏற்றிய கப்பல் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அடைத்து வைத்த அறையில் ஈரமரம் பல நாள் கிடந்தால் காற்றிலிருக்கும் பிராணவாயுவை அது தின்றுவிடும். வாசனை இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவன் ரெண்டு மூச்சு இழுப்பான், அப்படியே சரிவான். அவனைத் தூக்கப் போகிறவனும் பக்கத்திலேயே சரிவான். துறைமுகத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், கூட வேலை பார்க்கிறவன் கண்முன்னால் விழும்போது யாரும் அதை நினைத்துக்கொண்டு நிற்பதில்லை.

சமையல்காரர் சொன்னார்: "சோலோ பஹோ உன் ஓம்ப்ரே."

ஒரு ஆள் மட்டும் இறங்கினான். அவள் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டாள். 'சோலோ' என்ற வினையடை வாக்கியத்தின் தலையில் நின்றால் 'மட்டும்'. கொஞ்சம் கழித்து அவரே இன்னொரு மாதிரி சொன்னார்: "உன் சோலோ ஓம்ப்ரே, செஞோரா!" அதே சொல் இப்போது பெயரடையாகப் பெயருக்கு முன்னால். ஒரே ஒரு ஆள். பெயருக்குப் பின்னால் வந்திருந்தால் 'தனி ஆள், துணையில்லாத ஆள்' என்று ஆகியிருக்கும். இந்த வித்தியாசத்தை அவள் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துகிறவள். பிரெஞ்சிலும் இப்படித்தான், இத்தாலியனிலும் இப்படித்தான்.

மேஜைமேல் இன்னொரு ரேடியோ இருந்தது. அது மீட்புப் படையினுடையது. அதில் படையின் ஆபீசர் குரல் வந்தது. வண்டி சைரனுக்கு மேல் கத்திப் பேசினார்.

"டீச்சர், நாங்க மேடைக்கு வந்துட்டோம். உள்ளே எத்தனை பேர்?"

"ஒரே ஒரு ஆள்" என்றாள். "முன்பக்க அறை. ரெண்டு தடவை சொல்லிட்டார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அப்போது தம்பியின் குரல் குறுக்கே வந்தது. "அக்கா, நீயா இருக்கே? சரி, அப்ப பயமில்ல. நானும் நெட்டையும்தான் இறங்குறோம்."

நெட்டை அவனுடைய ஜோடி. கதவு நிலைகளில் எல்லாம் தலையை இடித்துக்கொள்கிற உயரம், அதனால் அந்தப் பேர். இருவரும் முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டி, முகமூடியை இறுக்கிக்கொண்டு, சரக்கு அறைக்கு மேலிருந்த பெரிய மூடி வழியாக இறங்கினார்கள். அதற்குப் பிறகு ரேடியோவில் தம்பியின் பேச்சு நின்று அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. இழுப்பு, விடுப்பு, இழுப்பு, விடுப்பு. சிறு வயதில் காய்ச்சல் வந்து அவன் பக்கத்தில் படுத்திருந்தபோது கேட்ட மூச்சைவிடக் கனமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகள் வழக்கம்போல் திரும்பிக்கொண்டிருந்தன. கடைசி மேடை கிடங்குகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. பார்க்க ஒன்றும் இல்லை. காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

கப்பல் ரேடியோவில் சமையல்காரர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களுக்குச் சொல்கிறாரா, தனக்குத்தானே சொல்கிறாரா என்று புரியவில்லை. "பிளாங்கா புவெர்த்தா" என்றார். வெள்ளைக் கதவு. "எஸ்த்ரேச்சா எஸ்கலேரா" என்றார். குறுகலான படிக்கட்டு. "மொஹாதா மதேரா." நனைந்த மரம்.

அவள் பாதிக் காதில்தான் வாங்கினாள். மீதிக் காது தம்பியின் மூச்சில் இருந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. தப்பு, தப்பு என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்பானிஷில் இதெல்லாம் பின்னால் வரவேண்டியவை. கதவு வெள்ளை, படிக்கட்டு குறுகல், மரம் நனைந்தது என்ற வரிசையில்தான் சொல்வார்கள். பாட்டெழுதுகிறவர்கள் தவிர யாரும் இப்படி முன்னால் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். வகுப்பாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பாள்.

"ஆளைப் பிடிச்சுட்டோம்!" தம்பியின் குரல் வெடித்தது. "மூச்சு இருக்கு! லேசா இருக்கு! கயிறு விடுங்க, கயிறு விடுங்க!"

ரேடியோக்காரர் மேஜையை ஓங்கித் தட்டினார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கயிறு இழுபடுகிற சத்தம், ஆபீசரின் அதட்டல், யாரோ "மெதுவா, தலை, தலை" என்று கத்துவது எல்லாம் கலந்து வந்தது. பிறகு முகமூடி கழன்ற தெளிவான குரலில் தம்பி, "அக்கா, மேல வந்துட்டோம். சின்னப் பையன்தான், இருபது இருந்தா அதிகம். பொழைச்சுக்குவான்" என்றான்.

"நீ?"

"நான் என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

ஆபீசர், "சரி, வேலை முடிஞ்சுது. மூடியைச் சாத்தச் சொல்லு. யாரும் கிட்டப் போகக் கூடாது" என்று யாருக்கோ சொல்வது கேட்டது.

அந்த நேரத்தில்தான் கப்பல் ரேடியோவில் சமையல்காரர் கத்தினார். இந்த முறை ஸ்பானிஷ் இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார்:

"வ்ரத்தாத்தா! வ்ரத்தாத்தா!"

பிறகு தடால் என்று ஒரு சத்தம். ரேடியோ கீழே விழுந்தது போலிருந்தது. அதன்பின் வெறும் இரைச்சல்.

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'வ்ரத்தா' என்றால் கதவு. வாலில் ஒட்டியிருக்கிற 'தா' என்பது 'அந்த'. அந்தக் கதவு. ரஷ்யனுக்கும் போலிஷுக்கும் சொந்தக்கார மொழிகளில் இப்படி 'அந்த' என்பதைப் பெயரின் வாலில் கொண்டுபோய் ஒட்டுவது பல்கேரியனும் அதை ஒட்டிய பக்கத்து வீட்டு மொழியும்தான். அந்த மனிதர் பல்கேரியன் பேசுகிறவர். பல்கேரியனில் பெயரடை எப்போதும் முன்னால்தான் நிற்கும். வெள்ளைக் கதவு, குறுகல் படிக்கட்டு, நனைந்த மரம். நம் மொழியில் வைப்பது போலத்தான்.

அப்படியானால் 'சோலோ ஓம்ப்ரே'?

அவர் ஸ்பானிஷ் சொற்களைத் தன் மொழியின் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வாயில் 'சோலோ' முன்னால் வந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை. 'ஒரே ஒரு ஆள்' என்றும் இருக்கலாம். 'தனியா ஒரு ஆள்' என்றும் இருக்கலாம். பல்கேரியனில் 'தனியாக' என்பதற்கு 'சாம்', 'மட்டும்' என்பதற்கு 'சாமோ'. இரண்டையும் ஸ்பானிஷில் சொல்ல அவரிடம் இருந்தது அந்த ஒரே 'சோலோ'. யாருமே தனியாக இறங்கக்கூடாத இடத்தில் ஒருவன் தனியாக இறங்கிவிட்டான் என்றுதான் அந்த மனிதர் முதலிலிருந்து அழுதிருக்கிறார். பிறகு அவனைத் தூக்க யாரோ போயிருக்கிறார்கள். பெரிய மூடி வழியாக இல்லை. வெள்ளைக் கதவு வழியாக, சரக்கு அறையை ஒட்டி இறங்குகிற குறுகல் படிக்கட்டில். கேப்டன் எங்கே என்று கேட்டதற்கு வந்த பதிலை இரைச்சல் விழுங்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மீட்புப் படை ரேடியோவை எடுத்து பொத்தானை அழுத்தினாள்.

தம்பி பின்னால் யாரிடமோ சிரித்துப் பேசுவது சற்றுமுன் கேட்டிருந்தது. இவள் இப்போது வாயைத் திறந்தால் அவன் மறுபடி இறங்குவான். அவன்தான் இறங்குவான், வேறு ஆள் இல்லை. இன்னொரு படை ஊரின் அந்தக் கோடியிலிருந்து வரவேண்டும். சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாமே, உள்ளே யாருமே இல்லாமலும் இருக்கலாமே என்று மனது ஒரு ஓட்டையைத் தேடியது. இருக்கலாம் என்பதற்காக ஒருவனை அந்தக் குழிக்குள் அனுப்புவதா? அம்மாவின் முகம் வந்தது.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

ரேடியோக்காரர் அவளைப் பார்த்தார். "என்ன டீச்சர்? ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? உடம்பு சரியில்லையா?"

அந்தக் கப்பலில் ஒரு கதவுக்குப் பின்னால், படிக்கட்டில் தலைகுப்புற யாரோ கிடக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க அவளால் முடியவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"ஆபீசர், மூடியைச் சாத்தாதீங்க. நான் தப்பா சொல்லியிருக்கலாம். உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம்."

"என்ன டீச்சர் இது! நிச்சயமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க. இப்ப திட்ட நேரம் இல்ல. அந்தச் சமையல்காரர்கிட்ட ரேடியோவைக் கொடுங்க. சீக்கிரம்."

"அவர் மயங்கி விழுந்துட்டாரு, கெட்ட காத்தை அவரும் கொஞ்சம் இழுத்திருக்காரு போல. இப்பத்தான் ஆக்சிஜன் வச்சிருக்காங்க. பெனாத்துறாரு."

"காதுகிட்டப் பிடிங்க. கேக்கட்டும்."

பல்கேரியனை அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். அதன் பெயர்த்தொடரைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறாள். ஆனால் உயிருள்ள ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"கோல்கோ துஷி தோலு?" எத்தனை பேர் கீழே?

அந்தப் பக்கம் ஒரு விம்மல். சொந்த மொழியைக் கேட்ட மனிதர் அணை உடைந்தது போல் பேச ஆரம்பித்துவிட்டார். முகமூடிக்குள்ளிருந்து வந்த வேகமான பேச்சில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடி. மூன்றாவது தடவை இரண்டு சொற்கள் தெளிவாக விழுந்தன:

"ஒஷ்தே த்வாமா."

த்வாமா என்றால் இரண்டு பேர். ஆண்களை எண்ணும்போது மட்டும் அந்த மொழியில் வருகிற எண். ஒஷ்தே என்றால் 'இன்னும்'. ஆனால் எந்த 'இன்னும்'? இன்னும் ரெண்டு பேரா, இல்லை ரெண்டு பேர் இன்னும் கீழேயே இருக்கிறார்களா? மேலே வந்தவனை அவர் பார்த்தாரா, பார்க்காமலே அவனையும் சேர்த்து எண்ணுகிறாரா? சற்றுமுன் ஒரு சொல்லை நம்பி நிச்சயம் என்று சொன்னவள் அவள். இன்னொரு தடவை அதைச் செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆபீசர், நான் அவரை விரலால காட்டச் சொல்றேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. முதல்ல ஸ்ட்ரெச்சர்ல இருக்கிற பையனை அவருக்குக் காட்டுங்க. அப்புறம் கப்பலைக் காட்டுங்க."

தெரிந்த சொற்களை ஒட்டுப்போட்டு அவரிடம் கேட்டாள். காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

"பையனைப் பாத்து ஒத்தை விரல் காட்டுறாரு" என்றார் ஆபீசர். "இருங்க... கப்பலைக் காட்டினா ரெண்டு. ரெண்டு விரல், டீச்சர். அப்புறம் ஏதோ கதவைக் காட்டுறாரு."

"வெள்ளைக் கதவா?"

"ஆமா. பக்கவாட்டுல ஒண்ணு இருக்கு. வெள்ளை."

"அதுக்குப் பின்னாடி குறுகலா படிக்கட்டு இருக்கும். ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க."

அதற்குப் பிறகு நடந்தது முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வண்டியில் மாற்றுச் சிலிண்டர் முழுதாக ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று பாதி. அடுத்த படை பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. ஆபீசர் தயங்கினார். தம்பி, "நெட்டைக்கு நுரையீரல் பெருசு சார், பாதியெல்லாம் அவனுக்குப் பத்தாது. முழுசு அவன் மாட்டட்டும். பாதி எனக்குப் போதும்" என்றான். கடைக்குப் போய் எதையோ பங்கு பிரிக்கிற குரலில் சொன்னான். பிறகு ரேடியோவில் அவளிடம் பேசினான்.

"அக்கா. இந்தத் தடவை சரிதானே?"

"சரிடா" என்றாள். "சரிதான்."

"அப்ப போறேன்."

மறுபடி மூச்சு. இழுப்பு, விடுப்பு. இந்த முறை சீக்கிரமாக, குட்டையாக. பூட்ஸ் இரும்புப் படிகளில் மோதுகிற சத்தம். "இருட்டா இருக்கு... நெட்டை, தலையைக் குனி... இங்க ஒருத்தர். இங்க ஒருத்தர் இருக்காரு. அவருக்குக் கீழ இன்னொருத்தர்." இழுக்கிற முனகல். ஒருவரை நெட்டை தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். தம்பி இரண்டாவது ஆளோடு கீழேயே நின்றான்.

அப்போது விசில் கேட்டது. காற்று தீரப் போகும்போது சிலிண்டரே அடிக்கிற விசில். மெலிசாக, விடாமல், கொசு காதில் ரீங்காரமிடுவது போல. ரேடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எந்தச் சிலிண்டருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெளியே வா!" ஆபீசர் கத்தினார். "விட்டுட்டு வா! இது ஆர்டர்!"

"கால் மாட்டிக்கிச்சு சார்... இவரோட கால்... ஒரு நிமிஷம்..."

"டேய், வந்துடுடா" என்றாள் அவள். பொத்தானை அழுத்தாமலே சொன்னாள். அழுத்தி ஒரு வார்த்தை பேசினால்கூட அவன் பதில் சொல்வான், பதில் சொல்ல ஒரு மூச்சு செலவாகும்.

விசில் நின்றது.

மூச்சும் கேட்கவில்லை.

அவள் இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கத்தினார்கள். அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். பதில் இல்லை. நான்தான் அனுப்பினேன் என்ற ஒரே வாக்கியம் உள்ளே நின்றது.

பிறகு நெட்டையின் குரல், மூச்சிரைக்க: "பிடிச்சுட்டேன். ரெண்டு பேரையும் பிடிச்சுட்டேன். இழுங்க! சட்டையைப் பிடிச்சு இழுங்க!"

ரேடியோக்காரர் அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிடங்குகளைச் சுற்றிக் கடைசி மேடைக்கு ஓட்டினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாகத் தம்பியின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. ஒன்றில் நாடா அவிழ்ந்திருந்தது. அது அசையுமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

அசைந்ததாக நெட்டை சொன்னான். அவன் தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். "நான் பாத்தேன் அக்கா. காலை ஆட்டினான். சத்தியமா."

கேப்டன் இறந்துவிட்டார். படிக்கட்டின் அடியில் கால் மாட்டிக் கிடந்தவர் அவர்தான். அவருக்கு மேலே கிடந்த துணை அதிகாரியும், முதலில் தனியாக இறங்கிய பையனும் பிழைத்தார்கள். சமையல்காரர் மறுநாளே எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சைகையில் சண்டை போட்டதாக நர்ஸ் சொன்னாள்.

தம்பிக்கு நினைவு திரும்ப அன்று மாலை ஆகிவிட்டது. அதுவரை அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் மருத்துவரைத் தனியாகப் பிடித்து, கேப்டன் எப்போது இறந்தார் என்று கேட்டாள். படை வருவதற்கு முன்பே மூச்சு நின்றிருக்கலாம் என்றார் அவர். "இருக்கலாமா, இல்லை நின்னுடுச்சா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதை யாராலும் நிச்சயமா சொல்ல முடியாதும்மா" என்றார்.

சில நாட்கள் கழித்து, அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், தம்பி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டான்.

"அக்கா, ரெண்டு தடவை பட்டனை அழுத்தினேல்ல நீ? முதல் தடவை அழுத்தினே. உன் மூச்சு கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் பேசாம விட்டுட்டே."

அவள் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"பயந்துட்டேன்டா. சொன்னா நீதான் மறுபடி இறங்குவேன்னு தெரியும்."

கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றான் கடைசியில். "அந்தப் பாதி சிலிண்டரை மாட்டும்போது கை நடுங்கி பெல்ட்டே போட முடியல. நெட்டைதான் போட்டுவிட்டான். போதும்னு வாயாலதான் சொன்னேன்."

"அந்தக் கேப்டன்..."

"தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது. அவர் காலை நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா எடுத்திருந்தா என்னன்னு நானும்தான் யோசிக்கிறேன்."

வராந்தாவில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இதையெல்லாம் அம்மாகிட்ட உளறி வைக்காதே. நீ பயந்ததையும் சரி, நான் பயந்ததையும் சரி."

அம்மா உள்ளே வந்து மருந்துப் பையைக் கட்டிலின்மேல் வைத்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கும் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகும் அந்தப் பிடியை அவள் விடவில்லை.